‘நல்ல கண்’ என்று பெயர் வைத்தவர்

2021ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அண்ணாவின் தொலைபேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. வெளிநாட்டில் இருக்கும் மச்சான் ஒருவர் அனுப்பியது. பார்வை இழந்த ஒருவருக்குப் பாசியிலிருந்து எடுத்த ஏதோ ஒன்றால் மீண்டும் பார்வை கிடைக்கத் தொடங்கியிருக்கிறது என்று அதில் சொல்லியிருந்தார். அண்ணா அதை இரண்டு மூன்று தரம் போட்டுக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

அவருக்குப் பார்வை போனது 2009 பெப்ரவரியில். ஷெல் துண்டு. ஒரு கண்ணை முழுதாக எடுக்க வேண்டி வந்தது. மற்றக் கண் பார்ப்பவருக்கு நல்ல கண் போலத்தான் தெரியும். ஆனால் அதன் பின்னால் மூளைக்குப் போகும் நரம்பு அறுந்துவிட்டது. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். ஆகவே பாசிக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு, அந்த வைத்தியம் தனக்குச் சரிவருமா என்று அவர் என்னிடம் கேட்டது நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் தெரியவில்லை.

எத்தனையோ வருடமாகக் கரும்பலகையில் இயூகிளினாவை வரைந்திருக்கிறேன். நீள உடல், ஒரு சவுக்குமுளை, பச்சையவுருமணிகள், முன்முனையில் ஒரு சிவப்புப் பொட்டு. அதற்குக் கோடு இழுத்துக் ‘கண்பொட்டு’ என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். ஒரு கலத்தில் எப்படிக் கண் வந்தது, அதைக் கண் என்று சொன்னவர் யார் என்று ஒரு மாணவரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. அண்ணாவுக்குச் சரியான பதில் சொல்வதற்காக வாசிக்கத் தொடங்கியபோதுதான் கிறிஸ்டியான் கொட்ஃப்ரீட் ஏரன்பேர்க் என்ற மனிதரிடம் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பொட்டுக்குக் கண் என்று பெயர் வைத்தவர் அவர். அவருடைய கதையை அண்ணாவுக்கு இரண்டு மூன்று மாலைகளில் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏரன்பேர்க் 1795 ஏப்ரல் 19 அன்று ஜேர்மனியில் லைப்சிக் நகருக்கு அருகே உள்ள டெலிட்ஷ் என்ற சிற்றூரில் பிறந்தார். அவருக்குப் பதினெட்டு வயதானபோது, 1813 ஒக்டோபரில், நெப்போலியனின் படைகளும் எதிர்ப் படைகளும் லைப்சிக்கில் மோதின. முதலாம் உலகப் போர் வரும்வரை ஐரோப்பா கண்ட மிகப்பெரிய சண்டை அது. முதலில் இறையியல் படிக்கப் போனவர், பிறகு அதை விட்டு மருத்துவத்துக்கும் இயற்கை விஞ்ஞானத்துக்கும் மாறினார். 1818இல் பேர்லினில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஆய்வு காளான்களைப் பற்றியது. சின்ன உயிர்கள் மீது அவருக்கு அப்போதே ஒரு பிடிப்பு இருந்திருக்கிறது.

பேர்லினில் அவருக்குக் கிடைத்த நண்பர் வில்ஹெல்ம் ஹெம்ப்ரிச். ஒரு வயது இளையவர், அவரும் மருத்துவம் படித்த இயற்கை ஆய்வாளர். 1820இல் இருவரும் பிரஷ்ய விஞ்ஞானக் கழகத்தின் ஆதரவோடு எகிப்துக்குப் புறப்பட்டார்கள். பாலைவனம், நைல் நதி, நூபியா, சினாய், லெபனான், அரேபியக் கரை, கடைசியில் அபிசீனிய மலைகளின் அடிவாரம் என்று ஐந்து வருடங்களுக்கு மேல் அலைந்தார்கள். போன இடமெல்லாம் சேகரித்தார்கள். 34,000 விலங்கு மாதிரிகள், 46,000 தாவர மாதிரிகள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

ஆனால் கூடப் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். 1825 ஜூன் 30 அன்று செங்கடல் ஓரத்து மசாவா துறைமுகத்தில் ஹெம்ப்ரிச்சும் காய்ச்சலில் இறந்தார். 29 வயது. நண்பரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு ஏரன்பேர்க் ஊருக்குத் திரும்பினார்.

திரும்பி வந்தபோது இன்னொன்று காத்திருந்தது. அவர்கள் அனுப்பிவைத்த பெட்டிகள் சிலவற்றைத் திறந்து, ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று கருதிய மாதிரிகளைப் பேர்லின் அருங்காட்சியகம் ஏற்கெனவே விற்றிருந்தது. உயிரைக் கொடுத்துச் சேர்த்த பொருட்கள், சேர்த்தவர்களைக் கேட்காமலே கைமாறிவிட்டன.

1828 முதல் அந்தப் பயணத்தின் முடிவுகளை ஏரன்பேர்க் வெளியிடத் தொடங்கினார். ஹெம்ப்ரிச் இறந்து மூன்று வருடமாகியிருந்தது. ஆனாலும் நூலில் அவருடைய பெயரையும் சேர்த்தே போட்டார், அதுவும் முதலில். ஒரு உயிரினத்துக்குப் புதிதாகப் பெயர் வைத்தவரின் பெயரை அந்த விஞ்ஞானப் பெயருக்குப் பின்னால் எழுதுவது உயிரியலில் வழக்கம். செங்கடல் கரையின் பறவைகளிலும் விலங்குகளிலும் பலவற்றின் பின்னால் இன்றைக்கும் ஹெம்ப்ரிச், ஏரன்பேர்க் என்று இரண்டு பெயர்களும் அந்த ஒழுங்கில்தான் வருகின்றன. உயிரோடு திரும்பியவர் செய்திருக்கக்கூடிய காரியங்களில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பயணத்தின்போதே அவர் பாசிகளைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார். 1823இல் சினாயில் உள்ள தோர் என்ற இடத்தில் விரிகுடா நீர் இரத்தம் போலச் சிவந்திருப்பதைக் கண்டார். நீரை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது நுண்ணிய இழைகள் கற்றை கற்றையாக மிதந்தன. அதற்கு அவர் வைத்த திரைக்கோடெஸ்மியம் என்ற பெயர்தான் இன்றும் இருக்கிறது. செங்கடலுக்கு அந்தப் பெயர் வந்தது இதனால்தான் என்று பலர் சொல்வார்கள். அது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. ஒரு கடலின் நிறத்தையே மாற்றுகிற உயிர் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கலாம் என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார் என்பதுதான் முக்கியம்.

1829இல் ஹும்போல்ட்டோடு ரஷ்யாவைக் கடந்து அல்தாய் மலைகள் வரை இன்னொரு நீண்ட பயணம் போனார். அதன் பிறகு பெரும்பாலும் பேர்லினில் ஒரு நுணுக்குக்காட்டியின் முன்னால்தான் அவருடைய வாழ்க்கை கழிந்தது. குளத்து நீர், சேற்று நீர், மழைத் தொட்டி நீர் என்று எதையும் விடவில்லை.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பச்சை நிறத்தில் நெளிந்து நீந்தும் சில உயிர்களின் முன்பக்கத்தில் அந்தச் சிவப்புப் பொட்டைக் கண்டார். அதற்குப் பக்கத்தில் விளக்கு வைத்தால், ஜன்னல் இருந்தால், அவை வெளிச்சப் பக்கமாகத் திரள்வதும் தெரிந்த விஷயம்தான். வெளிச்சத்தைத் தேடிப் போகிற உயிர், தலைப்பக்கத்தில் நிறமுள்ள ஒரு பொட்டு. வேறென்னவாக இருக்கும்? கண்தான் என்று முடிவு செய்தார். 1830இல் அந்த உயிருக்கு இயூகிளினா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் நல்ல கண்மணி என்று பொருள். சில வருடங்களில் இன்னொரு பச்சை உயிருக்குக் கிளமிடோமொனாஸ் என்ற பெயரையும் கொடுத்தார். போர்வை போர்த்த ஒற்றை உயிர் என்று சொல்லலாம். பின்னாளில் அண்ணாவின் தொலைபேசிக்கு வந்த செய்தி இந்த இரண்டாவது உயிரின் உறவினர் ஒருவரைப் பற்றியது.

ஏரன்பேர்க் அதோடு நிற்கவில்லை. கண் இருந்தால் நரம்பு இருக்க வேண்டும், வயிறு இருக்க வேண்டும், யானைக்கு இருப்பதெல்லாம் இந்தப் புள்ளிக்கும் இருக்க வேண்டும் என்று நம்பினார். அவுரி நீலத்தையும் கார்மைன் சிவப்பையும் நீரில் கலந்து நுண்ணுயிர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். உடலுக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் நிறம் பிடித்தன. அவை ஒவ்வொன்றும் ஒரு வயிறு என்று எழுதினார். 1838இல் வெளிவந்த அவருடைய பெரிய நூலின் தலைப்பே இந்த நுண்ணுயிர்கள் முழுமையான உயிரினங்கள் என்று வாதிடுவதாக இருந்தது. 64 வர்ணப் பக்கங்களில் அவரே பார்த்து வரைந்த படங்கள். அவ்வளவு அழகு.

ஆனால் பிழை. பிரான்சில் டுஜார்டான் என்பவர் 1835இலேயே எதிர்த்தார். அந்த உருண்டைகள் வயிறு அல்ல, உள்ளே இருப்பது கூழ் போன்ற ஒரு பொருள் மட்டும்தான் என்றார். அடுத்த பத்து வருடங்களுக்குள் கலக் கொள்கை வந்தது. இந்த உயிர்கள் ஒரே ஒரு கலத்தால் ஆனவை என்பது தெளிவானது. ஒரு கலத்துக்குள் நரம்புமில்லை, குடலுமில்லை. ஏரன்பேர்க் கடைசிவரை இதை ஒத்துக்கொள்ளவில்லை. இளைய ஆய்வாளர்கள் எல்லோரும் முன்னால் போய்விட, அவர் தனியே நின்றார். பிடிவாதக்காரர்தான், மறைக்க வேண்டியதில்லை.

அதற்காக அவர் முடங்கிப் போய்விடவுமில்லை. பாறைகளையும் மண்ணையும் நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தார். பொஹீமியாவின் பிலின் என்ற இடத்துப் பாறை ஒன்று முழுக்க முழுக்க நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகளால் ஆனது என்று 1836இல் காட்டினார். சார்ள்ஸ் டார்வின் அத்திலாந்திக்கில் கப்பல்களின் மேல் விழுந்த தூசியைச் சேர்த்து அவருக்குத்தான் அனுப்பினார். அந்தத் தூசிக்குள் 67 வகை நுண்ணுருவங்களை ஏரன்பேர்க் அடையாளம் கண்டார். 1875இல் லேவன்ஹூக் பதக்கம் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது அவருக்கே போனது. முதுமையில் அவருடைய வேலைகளுக்கு மகள் கிளாரா உதவினார். 1876 ஜூன் 27 அன்று பேர்லினில் காலமானார்.

அப்படியானால் அந்தச் சிவப்புப் பொட்டு என்ன?

அவர் இறந்து ஆறு வருடங்களில் எங்கெல்மான் என்ற உடற்றொழிலியலாளர் இயூகிளினாவின் மீது மிக ஒடுங்கிய நிழல் ஒன்றை மெல்ல நகர்த்திப் பார்த்தார். நிழல் சிவப்புப் பொட்டைத் தொடுவதற்கு முன்னரே, அதற்கு முன்னால் உள்ள நிறமற்ற பகுதியில் விழுந்தவுடனேயே, அந்த உயிர் திடுக்கிட்டுத் திரும்பியது. ஆக, ஒளியை உணர்வது பொட்டு அல்ல. உணரும் இடம் சவுக்குமுளையின் அடியில் இருக்கும் ஒரு சிறு வீக்கம். சிவப்புப் பொட்டு அதற்கு நிழல் தரும் திரை மட்டும்தான்.

கிளமிடோமொனாஸில் இதே வேலை வேறு மாதிரி நடக்கிறது. அதன் அளவு ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்ததில் ஒரு பங்கு. முன்னால் இரண்டு சவுக்குமுளைகள். நீச்சல்காரர் இரண்டு கையையும் வீசுவது போல, செக்கனுக்கு ஏறத்தாழ ஐம்பது தடவை அவற்றை வீசி நீந்துகிறது. நீந்தும்போது நேராகப் போவதில்லை, செக்கனுக்கு இரண்டு தடவை போலத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகிறது. பொட்டு இருப்பது தலையில் அல்ல, விலாவில்.

இந்த இடத்தில் அண்ணாவுக்கு விளக்குவது எனக்கு இலகுவாக இருந்தது. காலையில் முற்றத்தில் நின்று கிழக்கு எது என்று அவர் கண்டுபிடிப்பது கன்னத்தில் படும் சூட்டை வைத்துத்தான். மெல்லச் சுற்றினால் ஒருமுறை சுடும், ஒருமுறை ஆறும். பாசியும் அதைத்தான் செய்கிறது. சிவப்புப் பொட்டு, கரட்டுக்கு நிறம் கொடுக்கும் கரோட்டின் வகைப் பொருள் நிறைந்த நுண்துளிகளின் அடுக்கு. வெளியிலிருந்து வரும் ஒளியை அது கண்ணாடி போலத் திருப்பி, தனக்கு மேலே உள்ள உணரும் மென்சவ்வின் மீது விழுத்துகிறது. பின்பக்கமிருந்து உடலூடாக வரும் ஒளியை மறைக்கிறது. ஆகவே வெளிச்சம் ஒரு பக்கத்தில் இருந்தால், சுற்றுகிற ஒவ்வொரு தடவையும் பிரகாசம், இருட்டு, பிரகாசம், இருட்டு என்று மின்னி மின்னி வரும். மின்னினால் திசை பிழை. இரண்டு சவுக்குமுளைகளில் ஒன்றை மற்றதை விடக் கொஞ்சம் பலமாக வீசித் திரும்பும். வெளிச்சத்துக்கு நேரே திரும்பிவிட்டால் மின்னல் நின்றுவிடும். மூளையில்லாத ஒரு கலம் இப்படித்தான் வழி கண்டுபிடிக்கிறது.

மிதமான வெளிச்சத்தை நோக்கிப் போகும், ஏனென்றால் ஒளித்தொகுப்புக்கு அது வேண்டும். வெயில் கடுமையாக இருந்தால் எதிர்ப்பக்கம் ஓடும், ஏனென்றால் அளவுக்கு மிஞ்சிய ஒளி அதன் பச்சையத்தைச் சேதப்படுத்தும். திடீரென்று ஒரு வெட்டொளி பட்டால் அப்படியே நின்று, பின்பக்கமாக நீந்தும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2016இல் வெளிவந்த ஒரு யப்பானிய ஆய்வு. சிவப்புப் பொட்டு இல்லாமல் பிறந்த கிளமிடோமொனாஸ்களும் ஒளியை உணர்கின்றன, ஆனால் எதிர்த்திசையில் போகின்றன. காரணம், உருண்டையான அதன் உடலே ஒரு வில்லை போல ஒளியைக் குவிக்கிறது. மறைப்பதற்குப் பொட்டு இல்லாததால் பின்பக்கத்து ஒளிதான் பலமாகத் தெரிகிறது. திரை இல்லாவிட்டால் முன் எது பின் எது என்று தெரியாது.

ஒளியை உணரும் அந்தச் சவ்வில் இருப்பது ஒரு புரதம். அதன் நடுவே உயிர்ச்சத்து ஏயிலிருந்து வரும் ரெட்டினால் என்ற மூலக்கூறு பிடிபட்டிருக்கிறது. எங்கள் விழித்திரையில் இருப்பதும் அதே மூலக்கூறுதான். கண்ணுக்கு நல்லது என்று முருங்கையிலை வறை தின்னச் சொல்லி அம்மா எங்களைத் துரத்தியதும் இதற்காகத்தான், அவருக்கு அந்தப் பெயர் தெரியாவிட்டாலும். எங்கள் கண்ணில் ஒளி பட்டபின் பல படிகள் தாண்டித்தான் மின்சைகை பிறக்கும். பாசியில் அந்தப் புரதமே ஒரு கதவு. ஒளி பட்டவுடன் திறக்கும், கல்சியம் போன்ற அயன்கள் உள்ளே பாயும், சவுக்குமுளையின் வீச்சு மாறும். 2002இலும் 2003இலும் ஜேர்மன் ஆய்வாளர்கள் இந்தக் கதவை அடையாளம் கண்டார்கள். இரண்டு வருடங்களில் அமெரிக்காவில் இதை ஒரு நரம்புக் கலத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள். ஒளி காட்டினால் நரம்பு சைகை அனுப்பியது.

கண், நரம்பு, வயிறு என்று ஏரன்பேர்க் அடுக்கிச் சொன்னதில் வயிறும் நரம்பும் பொய்த்துவிட்டன. கண் மட்டும் பாதி நிலைத்துவிட்டது.

இனி அண்ணாவின் கேள்வி. 2021 மே மாதம் வெளியான அந்த ஆய்வில் சிகிச்சை பெற்றவர் 58 வயதானவர். பரம்பரையாக வரும் ஒரு நோயால் அவருடைய விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் மெல்ல மெல்ல அழிந்துபோயின. ஆனால் அவற்றுக்குப் பின்னால் உள்ள நரம்புக் கலங்களும் மூளைக்குப் போகும் நரம்பும் உயிரோடு இருந்தன. கிளமிடோமொனாஸ் வகைப் பாசி ஒன்றிலிருந்து எடுத்து மாற்றியமைத்த ஒளிக் கதவுப் புரதத்துக்கான மரபணுவை, தீங்கில்லாத ஒரு வைரசில் ஏற்றி, ஒரு கண்ணுக்குள் ஊசி மூலம் செலுத்தினார்கள். காட்சியைச் செம்மஞ்சள் ஒளியாக மாற்றி விழித்திரையில் பாய்ச்சும் விசேட கண்ணாடியையும் அவர் அணிய வேண்டும். பல மாதப் பயிற்சிக்குப் பிறகு மேசையில் இருக்கும் பொருளைத் தேடித் தொடவும் எண்ணவும் அவரால் முடிந்தது. முகங்களைப் பார்க்கவோ வாசிக்கவோ முடியவில்லை.

அந்த வைத்தியம் விழித்திரையைத்தான் திருத்தும், விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் வழியைத் திருத்தாது. அண்ணாவுக்கு அறுந்தது அந்த வழி. சரிவராது என்று சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று முன்பே நினைத்து வைத்திருந்தேன். ஷெல்லிலும் மிதிவெடியிலும் கண் சிதைந்தவர்களில் பலருக்கும் இதே பதில்தான் வரும் என்பதால் இங்கும் எழுதி வைக்கிறேன். இப்படியான செய்தியைக் காட்டி யாராவது காசு கேட்டால், எந்த இடம் பழுது என்று முதலில் ஒரு கண் வைத்தியரிடம் கேளுங்கள்.

அண்ணா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஏரன்பேர்க் வரைந்த படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டார். பேர்லின் இயற்கை அருங்காட்சியகத்தில் என்றேன். சுமார் 40,000 நுணுக்குக்காட்டி மாதிரிகளும் 3,000 படங்களும் இருக்கின்றன. 1945 பெப்ரவரியில் குண்டு விழுந்து அந்தக் கட்டடத்தின் கிழக்குப் பகுதி இடிந்தது, ஆனால் ஏரன்பேர்க்கின் சேகரிப்பு தப்பிவிட்டது. நூலகம் எரிந்ததைப் பார்த்த ஊர்க்காரர் என்பதால் அவர் அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

அதன் பிறகு ஹெம்ப்ரிச்சைப் பற்றிக் கேட்டார். அவரை எங்கே அடக்கம் செய்தார்கள், ஊருக்குக் கொண்டுபோனார்களா என்று. இல்லை, மசாவாவில்தான் என்றேன்.